வாஷிங் மெஷின் ஏன் நடக்கிறது?

தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மூன்று மாடி, நான்கு மாடிக் குடியிருப்புகள். சமையலறைக்குப் பின்னால் ‘யுடிலிட்டி’ என்று சின்னதாக ஓர் இடம் விட்டிருப்பார்கள். வாஷிங் மெஷின் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். துவைக்கிற வரைக்கும் அது பரம சாது. பிழிய ஆரம்பித்ததும் தடதடவென்று ஆடும். சில வீடுகளில் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வந்து நிற்கும். கீழ் வீட்டில் தூங்கிய பாப்பா எழுந்து அழும்.

“காலுக்கு ரப்பர் பேட் வாங்கிப் போடுங்க, சரியாயிடும்” என்று யாராவது யோசனை சொல்வார்கள். கடையில் நாலு பேட் ஒரு செட்டாகக் கிடைக்கிறது. போட்டதும் சில வீடுகளில் சத்தம் அடங்குகிறது. வேறு சில வீடுகளிலோ ஆட்டம் முன்பைவிடக் கூடுகிறது! அதே பேட்தானே, ஏன் இப்படி?

முதலில் மெஷின் எதற்காக ஆடுகிறது என்று பார்ப்போம். பிழியும்போது உள்ளே இருக்கும் டிரம் நிமிடத்துக்கு 1,000, 1,200 என்று சுற்றும். துணி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருந்தால் வம்பில்லை. ஈரத் துண்டு ஒன்று சுருண்டு ஒரே பக்கமாக ஒதுங்கிவிட்டது என்று வையுங்கள். அதன் எடை அரைக் கிலோ, டிரம்மின் நடுவிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருக்கிறது. நிமிடத்துக்கு 1,200 சுற்றில் அந்தத் துண்டு டிரம்மை வெளிப்பக்கம் இழுக்கும் விசை ஏறக்குறைய 200 கிலோ எடைக்குச் சமம்! அந்த இழுப்பு ஒரு நொடிக்குள் 20 முறை திசை மாறிச் சுற்றி வருகிறது.

அதனால்தான் டிரம் இருக்கும் தொட்டியை ஸ்பிரிங்கில் தொங்கவிடுகிறார்கள். முன்பக்கம் கதவு வைத்த மெஷின்கள் பலவற்றில் கனத்துக்காகக் கான்கிரீட் கட்டியே வைத்திருப்பார்கள். மெஷினைத் தூக்கி மாடியேற்றுகிறவர்கள் மூச்சு வாங்குவது அந்தக் கட்டியால்தான். இத்தனையும் தாண்டி மிஞ்சுகிற குலுக்கல்தான் கால் வழியாகத் தரைக்கு இறங்குகிறது.

இனி பேட் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பூட்டும் ஏழெட்டு ரப்பர் பேண்டும் எடுத்து வாருங்கள். ரப்பர் பேண்டுகளை ஒன்றில் ஒன்று கோத்துச் சங்கிலியாக்கி, ஒரு முனையில் பூட்டைக் கட்டுங்கள். மறுமுனையைக் கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். ரப்பர் அறுந்து பூட்டு விழலாம், எனவே கீழே ஒரு தலையணை இருக்கட்டும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

கையை மிக மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். பூட்டும் கூடவே ஏறி இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் கை இரண்டு விரற்கடை அசைந்தாலே பூட்டு ஒரு முழம் குதிக்கும். ரப்பருக்கும் பூட்டுக்கும் சேர்ந்து ‘இயல்பு அதிர்வெண்’ என்று ஒரு வேகம் உண்டு. உங்கள் கை அதைத் தொட்டுவிட்டது. இதுதான் ஒத்ததிர்வு. பயப்படாமல் இன்னும் வேகமாகக் கையை ஆட்டுங்கள். கை படபடக்கும், பூட்டோ அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்கும். எனக்கு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வியப்பாகவே இருக்கிற காட்சி இது.

மெஷினும் பேடும் சேர்ந்தாலும் இதே கதைதான்: மேலே கனம், கீழே ரப்பர். இங்கே குலுக்கியது உங்கள் கை, அங்கே குலுக்குவது மெஷின். கணக்கு மாறாது. பேட் குலுக்கலைத் தடுக்கும் சுவர் இல்லை, அது ஒரு ஸ்பிரிங். மெஷின் குலுங்கும் வேகம் அந்த ஸ்பிரிங்கின் இயல்பு வேகத்தைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால்தான் தரை தப்பிக்கும். இரண்டும் நெருங்கிவிட்டால் பூட்டு குதித்த கதைதான்.

பேடின் இயல்பு வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மெஷினை ஏற்றியதும் பேட் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தாலே போதும். 1 மி.மீ. அமுங்கினால் இயல்பு வேகம் நொடிக்குச் சுமார் 16. நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் நொடிக்கு ஏறக்குறைய 17. அடடா, இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவே! கல் மாதிரி கெட்டியான பேட் போட்ட வீட்டில் ஆட்டம் கூடியதன் ரகசியம் இங்கே இருக்கலாம். 4 மி.மீ. அமுங்கினால் இயல்பு வேகம் 8 ஆகக் குறையும். அப்போது கணக்குப்படி தரைக்குப் போகும் குலுக்கல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். அப்படியானால் பஞ்சு மாதிரி மெத்தென்று போட்டுவிடலாமா? கூடாது. மெஷின் தள்ளாடிச் சாயும்.

மிக்சிக்கு இந்தத் தொல்லை குறைவு, அது இன்னும் வேகமாகச் சுற்றுவது. நிமிடத்துக்கு 18,000 சுற்று என்றால் நொடிக்கு 300. அவ்வளவு வேகமான அதிர்வை அதன் அடியில் இருக்கும் சின்ன ரப்பர் கால்களே நன்றாகக் குறைத்துவிடும். மெதுவான குலுக்கல்தான் பிடிவாதக்காரன்.

எஃகு ஸ்பிரிங் இருக்க ரப்பர் எதற்கு என்று கேட்பீர்கள். எஃகு ஸ்பிரிங்கை அமுக்கி விட்டால் நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். ரப்பரின் நீள நீளமான மூலக்கூறுகள் ஒன்றோடொன்று உரசி அசைவின் ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடுகின்றன. ஆட்டம் சீக்கிரம் அடங்கும்.

மரத்திலிருந்து வழியும் பாலிலிருந்துதான் இயற்கை ரப்பர் கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் இன்றும் விடியற்காலையில் பால் வெட்டுகிறார்கள். ஒரு காலத்தில் மலாயா தோட்டங்களில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ரப்பர் மெஷினை மட்டுமல்ல, கட்டடத்தையே தாங்கும். 1966-இல் லண்டனில் சுரங்க ரயில் நிலையத்துக்கு நேர் மேலே ஒரு குடியிருப்பு கட்டினார்கள். கீழே ரயில் ஓட மேலே எப்படித் தூங்குவது? முழுக் கட்டடத்தையும் ரப்பர் பேடுகள்மேல் உட்கார வைத்துவிட்டார்கள்! 2001 பூகம்பத்தில் இடிந்த குஜராத்தின் புஜ் மருத்துவமனையைத் திரும்பக் கட்டியபோதும் ரப்பர் தாங்கிகள்மேல்தான் நிறுத்தினார்கள். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் நிற்கும்போது தண்டவாளத்தின் அடியைக் கவனியுங்கள் (நடைமேடையிலிருந்தேதான்!). தண்டவாளத்துக்கும் கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் நடுவே மெல்லிய ரப்பர் தகடு இருக்கும்.

ஆனால் ரப்பர் பேட் எல்லாச் சத்தத்தையும் நிறுத்தாது. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் மாடம்பாக்கத்து மொட்டை மாடிக்கு மேலே போகும்போது வரும் சத்தம் காற்று வழியாக வருகிறது. அதற்குப் பேட் உதவாது, ஜன்னலைத்தான் சாத்த வேண்டும். கீழ் வீட்டுச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். மெஷின் ஓடும்போது கையில் அதிர்வு தெரிந்தால் அது தரை வழியாக வருவது. அங்கேதான் பேடுக்கு வேலை.

பேட் வாங்கும் முன் பெரியவர்களிடம் சில விஷயங்களைக் கேளுங்கள். புது மெஷினின் பின்பக்கம், வண்டியில் வரும்போது ஆடாமலிருக்கப் போட்ட போல்ட்டுகளைக் கழற்றினார்களா? நாலு காலும் தரையில் சமமாக ஊன்றியிருக்கின்றனவா? கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை மேலே வைத்தால் சாய்வு தெரிந்துவிடும். கனமான பெட்ஷீட்டைத் தனியாகப் போடுகிறார்களா? அது பந்தாகச் சுருளும், கூட நாலு துணி போட்டால் பரவும். தளத்தின் நடுவைவிடச் சுவரோரத்து மூலை குறைவாக அதிரும். பல வீடுகளில் இதிலேயே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

பூட்டை இன்னும் அவிழ்க்காதீர்கள். அதே சங்கிலியில் இரண்டாவது பூட்டையும் சேர்த்துக் கட்டி, அவை குதிக்கும் வேகத்தைத் தேடுங்கள். முன்பைவிட மெதுவாகக் கையை அசைக்கும்போதே குதிக்கும். அப்படியானால், அதே நாலு பேடை உங்கள் வீட்டு மெஷினைவிடக் கனமான மெஷினுக்குப் போட்டால் என்ன ஆகும்? பூட்டுகளை ஆட்டிப் பார்த்துவிட்டு விடையை நோட்டில் எழுதி வையுங்கள்.