உல்லம் மீனின் வாழ்க்கைச் சுழற்சியும் காவிரி வெள்ளமும்

கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறும் இந்திய மீனினங்கள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது உல்லம். வங்கத்தில் இலிஷ் என வழங்கும் இம்மீனை, பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் விவரித்தார். மத்தி, சூடை ஆகியவற்றின் வரிசையைச் சார்ந்த இதன் இன்றைய அறிவியற்பெயர் டெனுவலோசா இலிஷா.

மிதவை நுண்ணுயிரிகளை வடித்துண்டு கடலோரத்தில் வளரும் உல்லம், பருவமழையால் ஆறு பெருகும்போது முகத்துவாரத்தில் திரண்டு ஓட்டத்தை எதிர்த்து ஏறுகிறது. ஏறுங்காலத்தில் இது உண்பது குறைவு; உடலில் சேர்ந்த கொழுப்பே பயணத்திற்கான ஆற்றல். கோதாவரிக் கரையினர் ஆற்றில் ஏறிய மீனுக்குப் புலச எனத் தனிப்பெயரே வைத்துள்ளனர். கங்கைச் சமவெளியில் இது யமுனை வழியே ஆக்ரா, தில்லி வரை சென்ற காலமும் உண்டு.

ஒரு பெண்மீன் உடலளவிற்கேற்ப 1 லட்சம் முதல் 20 லட்சம் வரை முட்டையிடும். நன்னீரில் கருவுறும் முட்டைகள் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கின்றன. குஞ்சின் நீளம் 3 மில்லிமீட்டர் அளவே. இளமீன்கள் ஐந்தாறு மாதங்கள் ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்ந்த பின்னரே கடலை அடைகின்றன. பசிபிக் சால்மனைப் போல் முட்டையிட்டதும் இது இறப்பதில்லை. ஆதலால் ஏறும் வழி எவ்வளவு இன்றியமையாததோ, தாய்மீனும் இளமீனும் இறங்கும் வழியும் அவ்வளவு இன்றியமையாதது.

கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் 1836இல் எழுப்பிய மேலணையும் கீழணையும் உயரம் குறைந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறையினர் கொள்ளிடத்தில் உல்லத்திற்குச் செயற்கைக் கருவூட்டலும் செய்து பார்த்தனர். 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணையோ வேறு வகையானது. அது வழியை அடைத்ததோடு, மீனை ஆற்றுக்கு அழைக்கும் பருவ வெள்ளத்தையும் தன்னுள் தேக்கிக்கொண்டது. மீன் ஏணி அமைத்தால் சிக்கல் தீரும் என்னும் வாதம் இவ்விடத்தில்தான் வலுவிழக்கிறது. வெள்ளம் வராத ஆற்றில் ஏணியின் அடியை வந்தடையும் மீன்கள் மிகச் சிலவாகவே இருக்கும்.

அமெரிக்காவின் கென்னபெக் ஆற்றில் எட்வர்ட்ஸ் அணை 1999இல் அகற்றப்பட்டதும் உல்லத்தின் உறவினமான ஏல்வைஃப் மீன்கள் லட்சக்கணக்கில் திரும்பின. டெல்டாப் பாசனம் மேட்டூரைச் சார்ந்திருக்கையில் அத்தகைய தீர்வு காவிரிக்கு இயலாது. கீழணைக்குக் கீழே, உபரிநீரைப் பருவமறிந்து கொள்ளிடத்தில் விடுவது குறித்து மட்டுமே இங்கு பயனுள்ள ஆய்வுக்கு இடமுண்டு.