இணைப்புக்கு இணைப்பு: லாபமா, நஷ்டமா?



நம் உறுப்பினர்களில் பலர் இன்று கடைக்கென்று இணையதளம் வைத்திருக்கிறார்கள். தளம் தொடங்கிய சில நாட்களிலேயே, "உங்கள் தளத்தில் எங்களுக்கு ஓர் இணைப்புக் கொடுங்கள், எங்கள் தளத்தில் உங்களுக்கு ஒன்று கொடுக்கிறோம், கூகுளில் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம்" என்று மின்னஞ்சல் வருகிறது. சிலர் இதற்குக் கட்டணமும் கேட்கிறார்கள். இதில் இறங்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

இணைப்புக்கு ஏன் மதிப்பு?

கூகுள் நிறுவனத்தை லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இருவர் 1998-இல் தொடங்கினார்கள். ஒரு தளத்துக்குப் பிற தளங்கள் தரும் இணைப்பு ஒரு சிபாரிசு. சிபாரிசு செய்பவரின் தகுதிக்கேற்ப அதற்கு எடை உண்டு. இதுவே அவர்கள் வகுத்த கணக்கு.

இது நமக்குப் புதிதல்ல. கடனுக்குச் சரக்குக் கேட்டு வரும் புதியவரைப் பற்றி, நாணயமான பழைய வாடிக்கையாளர் ஒரு வார்த்தை சொன்னால் நம்பிக் கொடுக்கிறோம். முன்பின் தெரியாத இருவர் வந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் சொன்னால் ஒரு மூட்டையாவது இறக்குவோமா? அளவுக்கு மீறிய இணைப்புப் பரிமாற்றத்தையும், உயர்ந்த இடம் பெறுவதற்காக இணைப்பை விலைக்கு வாங்குவதையும் கூகுள் தன் விதிகளில் முறைகேடு என்றே குறிப்பிட்டிருக்கிறது.

பெரிய கடைக்கு நேர்ந்த கதி

அமெரிக்காவின் பிரபல ஜே.சி.பென்னி கடை, 2010 பண்டிகைக் காலத்தில் உடை, படுக்கை விரிப்பு எனப் பல பொருள்களுக்குக் கூகுளில் முதலிடத்தில் நின்றது. சம்பந்தமே இல்லாத பல தளங்களில் வைக்கப்பட்டிருந்த இணைப்புகளே காரணம் என்று 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. பயணப்பெட்டிக்கான ஒரு தேடலில் முதலிடத்தில் இருந்த கடை, இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போயிற்று. தங்களுக்கு எதுவும் தெரியாது என்று கூறிய நிர்வாகம், அந்த வேலையைக் கவனித்த நிறுவனத்தை விலக்கியது. ஆயினும் கெட்டது கடையின் பெயர்தான்.

2012 ஏப்ரலில் 'பென்குவின்' என்ற முறையைப் புகுத்தி இத்தகைய தளங்களைக் கூகுள் கீழே தள்ளியது. 2016 முதல் அம்முறை பெரும்பாலும் போலி இணைப்புகளைக் கணக்கில் சேர்க்காமலே விட்டுவிடுகிறது. அதாவது, கொடுத்த பணம் வீண். மிதமிஞ்சினால் தண்டனையும் உண்டு.

எது முறையானது?

மொத்த வியாபாரி தம்மிடம் சரக்கு எடுக்கும் கடைகளின் பட்டியலை இணைப்புடன் வெளியிடலாம். கடைக்காரரும் கொள்முதல் செய்யும் இடத்தைக் குறிப்பிடலாம். உண்மையான வியாபார உறவு இருப்பதால் இதில் தவறில்லை. பணம் பெற்று விளம்பர இணைப்பு வைத்தால், அதற்கு 'ஸ்பான்சர்டு' என்ற குறியீட்டை இடும்படி தளம் அமைப்பவரிடம் சொல்லுங்கள்.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. விலாசம், தொலைபேசி எண், கடை திறக்கும் நேரம், விடுமுறை நாள் ஆகியவற்றைச் சரியாகக் கொடுங்கள். பக்கத்துத் தெருவில் நல்லெண்ணெய் தேடுபவருக்கு உங்கள் கடை தெரிய இதுவே முதல் வழி. தளத்தில் சரக்கின் ரகத்தையும் எடையையும் தெளிவாக எழுதுங்கள். வாடிக்கையாளர் கருத்துகளுக்கு மரியாதையுடன் பதில் கொடுங்கள்.

தளத்தை வேறொருவர் கவனித்தாலும், எங்கெங்கே இணைப்பு வைத்திருக்கிறார் என்று மாதம் ஒருமுறை எழுத்தில் கணக்குக் கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பெயர்ப்பலகையில் இருப்பது நம் பெயர். அதற்குப் பொறுப்பும் நம்முடையதே.