வீட்டில் குளிர்முறைக் கோப்பி தயாரித்தல்

சிறுபோக அறுவடைக் காலத்தில் நண்பகல் வரை வயலில் நின்று உழைப்போருக்குச் சூடான பானம் எதுவும் உவப்பாயிருப்பதில்லை. ஆதலாற் கடையில் விற்கப்படும் இனிப்புப் பானங்களைப் பலர் வாங்கி அருந்துகின்றனர். வீட்டின் பின்புறத்தில் நிற்கும் கோப்பி மரத்திலிருந்தே அவற்றினும் சுவைமிக்க குளிர்பானமொன்றைத் தயாரித்துக்கொள்ளலாம். 1869 ஆம் ஆண்டில் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் பெருந்தோட்டக் கோப்பியைப் பின்வந்த ஆண்டுகளில் அழித்ததாயினும், கண்டி, மாத்தளை, கேகாலை, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் வீட்டுத் தோட்டங்களிலே கோப்பி இன்றும் நிற்கின்றது.

குளிர்முறைக் கோப்பி என்பது யாது?

வறுத்து அரைத்த கோப்பியைக் கொதிநீரில் இடாது, குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்தெடுப்பதே குளிர்முறைக் கோப்பியாகும். கொதிநீர் சில நிமிடங்களிற் கரைத்தெடுக்கும் சத்தைக் குளிர்நீர் பல மணி நேரத்திற் கரைத்தெடுக்கும். இவ்வாறு ஊறும்போது புளிப்பும் கசப்பும் குறைவாகவே இறங்குகின்றன. ஆகவே சீனியும் குறைவாகவே தேவைப்படும்.

இம்முறையில் ஒன்றை மறத்தலாகாது. சூடான கோப்பி தயாரிக்கும்போது நீரிலும் பாத்திரத்திலும் உள்ள கிருமிகளிற் பெரும்பாலானவற்றைக் கொதிநீர் கொன்றுவிடுகின்றது. குளிர்நீர் எதையும் கொல்வதில்லை. நெருப்புச் செய்யும் வேலையை இங்கு நமது கைகளே முன்கூட்டிச் செய்தல் வேண்டும். கீழே கூறப்படும் ஒவ்வொரு படியும் இதன் பொருட்டே கூறப்படுகின்றது.

பழமும் விதையும்

நன்கு சிவந்த பழங்களை மாத்திரம் பறித்தல் வேண்டும். பறித்தவற்றை நீரில் இட்டு, மிதப்பவற்றை அகற்றுக. எஞ்சியவற்றைச் சீமெந்துத் தளத்திலோ பாயிலோ மெல்லிய படையாகப் பரப்பி, நாளொன்றுக்குப் பலமுறை கிளறி உலர்த்துக. வெறுநிலத்தில் உலர்த்துவோர் மண்வாடையையும் பூஞ்சணத்தையும் தாமே சேர்த்துக்கொள்கின்றனர். மாலையிற் குவித்து, பனியும் மழையும் படாது மூடிவைத்தல் வேண்டும். வெயிலுக்கேற்ப இரண்டு முதல் நான்கு வாரங்களிற் காய் உலரும். காதருகே வைத்து ஆட்டும்போது விதை உள்ளே கலகலவென ஒலித்தல் அதற்கு அடையாளமாகும். பின் உரலில் இடித்து, சுளகிற் புடைத்துத் தோலை நீக்குக.

பூஞ்சணம் பிடித்த விதையை வறுத்தாற் சரியாகிவிடும் என எண்ணுவோர் உளர். பூஞ்சணத்தால் உண்டாகும் நஞ்சு வறுப்பதனால் முற்றாக அழிவதில்லை. அத்தகைய விதையை எறிந்துவிடுக.

வறுத்தலும் அரைத்தலும்

இரும்புச் சட்டியில் நடுத்தரமான தீயில், இடைவிடாது கிளறி வறுத்தல் வேண்டும். விதை வெடிக்கும் ஒலி கேட்டுச் சிறிது நேரத்தில், கடும் கபில நிறம் வந்ததும் இறக்கிச் சுளகிற் பரப்பி ஆறவிடுக. கருகும்வரை வறுத்தால் எரிந்த சுவையே மிஞ்சும்.

ஆறிய விதையை அரிசிக் குறுணல் அளவில் அரைத்தல் போதுமானது. மாப்போல அரைத்தாற் சீலையில் வடியாது. பானமும் கலங்கிக் கசக்கும். கடையில் வாங்கும் நுண்ணிய தூள் இம்முறைக்கு ஏற்றதன்று.

ஊறவைக்கும் முறை

1. குடிப்பதற்கு உகந்தது என அறியப்பட்ட நீரை நன்கு கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுக. கொதித்தல் கிருமியைக் கொல்லுமேயன்றி, பசளையிலிருந்து கிணற்று நீரிற் சேர்ந்த நைத்திரேற்றை நீக்காது என்பதை மரக்கறிச் செய்கையாளர் கவனித்தல் வேண்டும்.

2. மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவிச் சுடுநீரால் அலசுக.

3. 100 கிராம் கோப்பிக் குறுணலுக்கு 800 மில்லிலீற்றர் ஆறிய நீர் வார்த்து, சுத்தமான கரண்டியாற் கலக்கி மூடுக.

4. குளிர்சாதனப் பெட்டியில் 12 முதல் 16 மணி நேரம் வைக்குக. மாலை 6 மணிக்கு வைத்தாற் காலை 8 மணிக்கு வடிக்கலாம்.

5. கொதிநீரில் அவித்துப் பிழிந்த சீலையில் வடித்தெடுக்குக. சக்கையை அழுத்திப் பிழிந்தால் வண்டல் இறங்கும். ஏறத்தாழ 600 மில்லிலீற்றர் வடிநீர் கிடைக்கும்.

இவ்வடிநீருடன் சம அளவு கொதித்தாறிய நீரோ, காய்ச்சி ஆறிய பாலோ கலந்து அருந்தலாம். பாலை அருந்தும் வேளையில் மாத்திரம் சேர்க்குக. குளிர்நீரிற் சீனி எளிதிற் கரையாது. ஆதலால் அதனைச் சிறிது சுடுநீரிற் கரைத்துப் பாகாக்கிச் சேர்க்குக. கித்துள் பாணியும் ஏற்றதே. சுக்கும் மல்லியும் விரும்புவோர் அவற்றை முதலில் நீருடன் கொதிக்கவைத்து, அந்நீரை வடித்து ஆறவிட்டுப் பயன்படுத்துக. ஐஸ் கட்டியும் கொதித்தாறிய நீரில் உண்டாக்கியதாய் இருத்தல் வேண்டும்.

வடிநீரைக் குளிர்சாதனப் பெட்டியில் 5 பாகை செல்சியசுக்கு மேற்படாது வைத்து, மூன்று நாட்களுள் முடித்துவிடுக. வயலுக்குக் கொண்டுசெல்வோர் வெப்பங்காக்கும் போத்தலில் ஐஸ் இட்டு எடுத்துச் சென்று நண்பகலுக்குள் அருந்துக. மிஞ்சியதை ஊற்றிவிடுக.

குளிர்சாதனப் பெட்டி இல்லாதோர் இதனை அடுக்களையில் இரவு முழுவதும் ஊறவைத்தலாகாது. நமது நாட்டு வெப்பம் கிருமிகள் பெருகுவதற்கு ஏற்றது. அவர்கள் கடுங்கோப்பியைக் கொதிநீரில் தயாரித்து, மூடிய பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இருத்தி ஆற்றி, உடனே அருந்துதலே தக்கது.

போத்தல் பற்றிய எச்சரிக்கை

எனது பிரிவிலுள்ள கமக்காரர் ஒருவரின் வீட்டுக்கு ஒருமுறை சென்றிருந்தேன். அடுக்களைத் தட்டில் ஒரே வடிவான இரண்டு குளிர்பானப் போத்தல்கள் இருந்தன. இரண்டிலும் கபில நிறத் திரவம். ஒன்றில் ஆறிய கோப்பி. மற்றதில் முதல்நாள் விசிறி மிஞ்சிய பூச்சிகொல்லி. வீட்டுக்காரர் அவற்றைத் தாம் அறிவார் என்றார். அவருடைய சிறு மகள் அறிவாளா என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. எழுந்து சென்று அப்போத்தலை அகற்றினார்.

அன்று எவருக்கும் தீங்கு நேரவில்லை. எல்லா வீட்டிலும் அவ்வாறே நிகழும் என்பதற்கு உறுதியில்லை. விவசாய இரசாயனங்களை அவற்றின் சொந்தக் கொள்கலனில், பூட்டிய இடத்தில், உணவுக்குப் புறம்பாக வைத்தல் வேண்டும். அவை இருந்த கொள்கலனை எத்தனை முறை கழுவினாலும் குடிபானத்துக்குப் பயன்படுத்தலாகாது. கோப்பிப் போத்தலில் பெயரும் திகதியும் எழுதி ஒட்டுக.

அளவும் சக்கையும்

தாழ்ந்த நிலங்களில் வளரும் றொபஸ்ற்றா இனத்தில், அராபிக்கா இனத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு கபீன் உண்டு. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு இரண்டு சிறு கோப்பைகள் போதும். சிறுவருக்கு இதனைக் கொடுத்தலாகாது. கருவுற்ற தாய்மார் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டறிந்தே அருந்துக. வெயிலில் உழைப்போருக்கு இப்பானம் குடிநீருக்கு ஈடாகாது. நீரைத் தனியே போதியளவு பருகுதல் வேண்டும்.

எஞ்சும் சக்கையைக் கூட்டெருக் குவியலில் காய்ந்த இலைகளுடன் கலந்து இடுக. நாற்றுகளின் அடியிற் குவித்தால் அது இறுகி, நீர் இறங்குவதைத் தடுக்கும். நன்கு மக்கியபின் மரக்கறிப் பாத்திக்கு இடலாம்.