துயரத்தை அசைபோடும் மனம்

மேய்ந்த புல்லை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடுவது பசுவின் இயல்பு. அதனால் உணவு செரிக்கிறது. மனிதன் துயரத்தை அசைபோட்டாலோ அது செரிப்பதில்லை. “எனக்கு மட்டும் ஏன் இப்படி? என்னிடம் என்ன குறை?” என்னும் வினாக்கள் விடையின்றிச் சுழல்கின்றன. மனச்சோர்வு நோயில் இது பெரிதும் காணப்படும்.

இப்பழக்கம் நோயின் விளைவு மட்டுமன்று. நோய்க்கு வழிகோலவும் கூடும். அமெரிக்க உளவியலறிஞர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா, ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனப்போக்கைக் குறித்து வைத்த 14 நாட்களில், 1989 அக்டோபர் 17 அன்று அப்பகுதியில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. முன்னரே துயரத்தை அசைபோடும் இயல்புடையோரிடம் ஏழு வாரங்களுக்குப் பின்னும் சோர்வு மிகுந்திருந்தது.

மூளையில் நிகழ்வது யாது? நாம் வேலையின்றி அமர்ந்திருக்கும்போதும் மூளை ஓய்வதில்லை. அவ்வேளையில் சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து இயங்குவதை மார்கஸ் ரெய்க்லே குழுவினர் 2001-இல் விளக்கினர். தன்னைப் பற்றிய நினைவுகளோடும் எதிர்கால எண்ணங்களோடும் தொடர்புடைய இவ்வலைப்பின்னல், வெளிப்பணியில் கவனம் செல்லும்போது அடங்குகிறது. மனச்சோர்வில், துயர உணர்ச்சியோடு தொடர்புடைய முன்மூளையின் ஒரு பகுதி இவ்வலைப்பின்னலுடன் மிகுதியாக இணைந்து இயங்குவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கட்டுரை கூறிற்று. தன்னைப் பற்றிய எண்ணமும் துயரமும் இவ்வாறு பிணைந்து சுழல்கின்றன என்பது அதன் கருத்து.

எனினும் இதுவே முடிந்த முடிபு அன்று. 2019-இல் வெளியான, 1,300 நோயாளரைக் கொண்ட சீன ஆய்வில், மீண்டும் மீண்டும் நோயுற்றோரிடம் அவ்வலைப்பின்னலின் உள்ளிணைப்பு குறைந்தே காணப்பட்டது. மருந்துண்ணல் இதற்குக் காரணமாயிருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். ஆகவே மூளைப் படத்தைக் கொண்டு ஒருவரது நோயை அறுதியிடுதல் இயலாது.

ஆயினும் ஒன்று தெளிவு. இச்சுழற்சி சோம்பலோ மனவுறுதியின்மையோ அன்று. “வீணாக யோசிக்காதே” என்னும் கண்டிப்பால் அது நிற்பதில்லை. கவனத்தை வெளியே திருப்புவதே பயன் தரும். வானில் திரளும் மேகம் போன்ற புறப்பொருள்களை எட்டு நிமிடம் எண்ணியிருந்ததால் சோர்வு தணிந்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆசிரியரும் களப்பணியாளரும், ஒதுங்கி வாடுவோரைப் பழிக்காது செவிசாய்த்து, கைவேலையிலோ நடையிலோ அவரை ஈடுபடுத்தலாம்.

இவை சிகிச்சைக்கு ஈடாகா. சோர்வு இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் தோன்றினாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.