விடுபடும் ஃபிரேம்களும் வெப்கேம் பதிவின் நம்பகத்தன்மையும்

வீட்டு வாசலையும் சிறு கடைகளின் கல்லாவையும் கண்காணிக்க, ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவுக் கணினியுடன் சாதாரண யுஎஸ்பி வெப்கேமை இணைத்துக்கொள்வோர் உண்டு. செலவு குறைவு என்பதோடு, பதிவு அயலாரின் சேவையகத்துக்குப் போகாமல் உரியவரிடமே தங்குகிறது என்பதும் இம்முறையின் மெய்யான சிறப்பு. எனினும் இதில் ஒரு குறை எவ்வித அறிவிப்பும் இன்றி நேர்கிறது. காணொளி என்பது வினாடிக்கு 25 அல்லது 30 என்னும் வீதத்தில் அடுத்தடுத்து எடுக்கப்படும் நிலைப்படங்களின் தொடர். ஃபிரேம் எனப்படும் அந்நிலைப்படங்களுள் சில, கோப்பில் எழுதப்படுவதற்கு முன்பே இழக்கப்படுகின்றன. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 10 மீட்டரைக் கடந்துவிடுமாதலால், ஒரே வினாடியின் ஃபிரேம்கள் விடுபட்டாலும் விபத்து நேர்ந்த கணமே பதிவில் இல்லாமற்போகக்கூடும்.

இடைவெளியைக் காட்டிலும் ஆபத்தானது காலத்திரிபு. பதிவு செய்யும் நிரல், ஃபிரேம்கள் உண்மையில் என்ன வீதத்தில் கிடைத்தன என்று பாராமல் வினாடிக்கு 30 என்றே கோப்பில் குறித்துவிட்டால், வினாடிக்கு 12 ஃபிரேம் மட்டுமே கிடைத்த ஒரு நிமிட நிகழ்வு 24 வினாடிகளில் ஓடி முடிந்துவிடும். நடந்து சென்றவர் ஓடியவராகவும், மெல்ல வந்த வண்டி வேகமாக வந்ததாகவும் தோற்றமளிக்கும். குற்றமற்ற ஒருவர் மீது பழி விழ இத்தகைய கோப்பே காரணமாகலாம் என்பதால், இதைப் படத்தரம் பற்றிய சிறு குறையாகக் கருதுவது தவறு. ஒவ்வொரு ஃபிரேமும் எடுக்கப்பட்ட நேரத்தை அதனுடனேயே பதியும் நிரலைத் தேர்ந்தெடுப்பது இதற்கு முதற்காப்பு.

இழப்பு எங்கே நிகழ்கிறது என்று கண்டறிவதற்கு முன், அது இழப்புத்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். வெளிச்சம் குறையும்போது வெப்கேம் தானாகவே ஒளியேற்பு நேரத்தை நீட்டிக்கொள்கிறது. ஒரு படத்துக்குப் பதினைந்தில் ஒரு பங்கு வினாடி தேவைப்பட்டால் வினாடிக்கு 15 படத்துக்கு மேல் எடுக்கவே இயலாது. பகலில் சீராகவும் இரவில் விட்டுவிட்டும் ஓடும் பதிவுகள் பலவற்றுக்குக் காரணம் இதுவே. விளக்கு ஒன்றைக் கூட்டுவதோ, ஒளியேற்புக்காக ஃபிரேம் வீதத்தைக் குறைக்கும் அமைப்பை அணைப்பதோ இதைத் தீர்க்கும். பின்னதில் படம் சற்று இருண்டுபோகும்.

அடுத்து ஆராய வேண்டியது தரவு செல்லும் தடம். யுஎஸ்பி 2.0-இன் பெயரளவு வேகம் வினாடிக்கு 480 மெகாபிட். ஆயினும் வெப்கேம்கள் பெரும்பாலும் கையாளும் ஐசோக்ரனஸ் முறையில், அதாவது வழியில் சிதைந்த தரவை மீண்டும் கேட்டுப் பெறாத முறையில், ஒரு தரவோட்டத்துக்கு ஒதுக்கக்கூடிய உச்ச அளவு வினாடிக்கு ஏறத்தாழ 24 மெகாபைட்தான். 1280-க்கு 720 படப்புள்ளி கொண்ட காணொளியை, புள்ளிக்கு 2 பைட் கொள்ளும் ஒய்யுஒய்வி என்னும் சுருக்கப்படாத வடிவில், வினாடிக்கு 30 ஃபிரேம் வீதம் அனுப்ப வினாடிக்கு ஏறத்தாழ 55 மெகாபைட் வேண்டும். அது அத்தடத்தில் அடங்காது. ஒவ்வொரு ஃபிரேமையும் கேமராவுக்குள்ளேயே ஜேபெக் படமாகச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் வடிவத்தை நிரலின் அமைப்பில் வெளிப்படையாகக் கோரினால், சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடுவதுண்டு. ராஸ்பெரி பையின் மூன்றாம் மாதிரி வரை யுஎஸ்பி துளைகளும் ஈதர்நெட்டும் ஒரே தடத்தைப் பங்கிட்டன. 2019-இல் வந்த நான்காம் மாதிரியில் ஈதர்நெட் தனிவழி பெற்றபோதிலும், இரண்டு யுஎஸ்பி 2.0 வெப்கேம்களை இணைத்தால் அவற்றுக்கிடையே பங்கீடு தொடரவே செய்கிறது.

மின்சாரக் குறையும் இதே அறிகுறியைத் தருகிறது. நான்காம் மாதிரிக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் மின்வழங்கி பரிந்துரைக்கப்பட்டிருக்க, பழைய கைப்பேசி சார்ஜரைப் பொருத்தினால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கித் திரையில் மின்னல் குறி தோன்றும், கணினியின் வேகம் தானே குறையும். வெப்பம் 80 பாகை செல்சியஸைத் தாண்டினாலும் அவ்வாறே. மெமரி கார்டு எழுதுவதில் தயங்கும் கணங்களில், படத்தைப் பெறும் வேலையும் எழுதும் வேலையும் ஒரே வரிசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடுமாதலால், அவற்றைப் பிரித்து நடுவே நினைவகத்தில் ஒரு காத்திருப்பு வரிசையை அமைக்க வேண்டும். லினக்ஸின் கேமரா இயக்கி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வரிசை எண் இடுகிறது: எண்கள் தாவினால் கணினிப் பக்கத்தில் இழப்பு, எண்கள் தொடர்ந்தும் வீதம் குறைந்திருந்தால் கேமராவே அவ்வளவுதான் தந்திருக்கிறது.

இந்த வேறுபாடு நுகர்வோர் உரிமைக்கும் அடிப்படையாகிறது. நல்ல வெளிச்சத்தில், எம்ஜேபெக் வடிவில், வேறொரு கணினியிலும் விளம்பரப்படுத்திய வீதத்தை வெப்கேம் எட்டவில்லையெனில், அது இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குறைபாடாக வாதிடத்தக்கது. 1915 என்னும் தேசிய உதவி எண்ணில் முறையிடலாம்; வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். ரசீதும், பெட்டியில் அச்சிட்ட வாக்குறுதியின் படமும், சோதனை முடிவுகளும் அதற்குத் துணைநிற்கும்.

பதிவு செய்யப்படுவோருக்கும் உரிமை உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கேமராவின் பார்வை அயல்வீட்டுச் சன்னலுக்குள் நீளாதவாறு திருப்பி வைப்பது பொருத்துபவரின் கடமை.

பதிவைச் சான்றாக முன்வைக்க நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கருதப்பட வேண்டும். மின்னணுப் பதிவின் நகலுடன், கருவியைப் பொறுப்பில் வைத்திருந்தவரும் வல்லுநர் ஒருவரும் ஒப்பமிட்ட சான்றிதழையும், கோப்பில் ஒரு பிட் மாறினாலும் வேறுபட்டுவிடும் ஹேஷ் மதிப்பையும் அது கோருகிறது. கருவி ஒழுங்காக இயங்கியதா என்பதும் அச்சான்றிதழில் கூற வேண்டிய செய்தியாதலால், ஃபிரேம் இழப்பை மறைப்பதைவிட வரிசை எண் பதிவேட்டுடன் சேர்த்து ஒப்படைப்பதே நேர்மையும் பாதுகாப்பும் ஆகும். நான்காம் மாதிரி வரையிலான ராஸ்பெரி பையில் மின்கலத்தால் இயங்கும் கடிகாரம் இல்லை; மின்வெட்டுக்குப் பின் இணையம் கிடைக்கும்வரை அது தவறான நேரத்தையே பொறிக்கும். சிறு கடிகாரப் பலகை ஒன்றைப் பொருத்துவது இதற்கு மாற்று. நிகழ்வு நடந்தவுடன், பழைய கோப்புகளின் மேல் புதியவை எழுதப்படுமுன் பதிவை நிறுத்தி, மூல மெமரி கார்டை எடுத்து வைத்து, நகலிலேயே ஆய்வுகளைச் செய்ய வேண்டும்.