வளையும் தகடு, உடையும் கல்

மேனாம்பேட்டுக்குப் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960-களில் உருவான அந்தப் பேட்டையின் பட்டறைகளில், பிரஸ்ஸில் அடித்தால் இரும்புத் தகடு வளைந்து கொடுக்கும். கிரைண்டிங் வீலைக் கீழே போட்டால் விரிசல் விடும். பிளாஸ்டிக் குருணை சூட்டில் இளகி அச்சுக்குள் ஓடும். அணுக்கள் தங்கள் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை என்ன செய்கின்றன என்பதுதான் இவற்றின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

இரும்பில் அந்த எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் தனிச்சொத்து அல்ல. ஏரித் தண்ணீர் ஊருக்கே பொதுவாக இருப்பதுபோல எல்லா அணுக்களுக்கும் பொது. அடிக்கும்போது அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினாலும் பிடிப்பு விடுவதில்லை. தகடு வளைவதும், செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடுவதும் இந்த உலோகப் பிணைப்பால்தான்.

உப்பில் நடப்பது வேறு. சோடியம் ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. எதிரெதிர் மின்னேற்றம் பெற்று அயனிகளான இரண்டும் இறுக ஈர்த்துக்கொள்கின்றன. இது அயனிப் பிணைப்பு. உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் தட்டினால் நொறுங்கும். அடுக்கு சற்று நகர்ந்ததும் ஒரே மின்னேற்றங்கள் நேருக்கு நேர் வந்து விலக்கித் தள்ளுகின்றன. அயனிகள் தண்ணீரில் கரைந்தால் விடுபட்டு நகரும். நிக்கல் பிளேட்டிங் தொட்டி வேலை செய்வது அதனால்தான்.

மூன்றாவது, எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப் பிணைப்பு. பாலித்தீனில் கார்பன் அணுக்கள் இப்படி நீண்ட சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. சங்கிலிக்குள் பிணைப்பு பலமானது. ஒரு சங்கிலிக்கும் அடுத்ததற்கும் இடையில் இருப்பது பலவீனமான ஈர்ப்பு மட்டுமே. சூடு அந்த ஈர்ப்பைத் தளர்த்துவதால் உடைந்த பக்கெட்டை மறுபடி உருக்கி வார்க்கலாம். அம்பத்தூர் டன்லப் ஆலை செய்த டயரை அப்படி உருக்க முடியாது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டதுபோல, கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர்ச் சங்கிலிகளுக்கு நடுவே கந்தகப் பாலங்கள் விழுகின்றன. பாலமும் சகப் பிணைப்பே. அது சூட்டுக்கு அசைவதில்லை.

கிரைண்டிங் வீலில் இருக்கும் சிலிக்கன் கார்பைடில் சகப் பிணைப்பு எல்லாத் திசையிலும் விரிகிறது. ஒவ்வொரு சிலிக்கனையும் நான்கு கார்பன்கள் குறிப்பிட்ட கோணங்களில் பிடித்திருக்கின்றன. வழுக்க இடமே இல்லை. எஃகையே தேய்க்கும் கடினமும், வளையாமல் உடையும் குணமும் ஒரே காரணத்தால் வந்தவை. இன்னொரு வகை வீலில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடில் அயனிப் பிணைப்பின் சாயலும் சகப் பிணைப்பின் சாயலும் கலந்திருக்கின்றன. பாடப்புத்தகங்கள் மூன்று பிணைப்புகளையும் தனித்தனி அறைகளாக அடைக்கின்றன. இந்தக் கலப்பையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

களிமண், கண்ணாடிக் கலவையில் சுட்டு இறுக்கிய வீலில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். வேகமாகச் சுழலும்போது அந்த வீல் சிதறி ஆளைக் கொல்லலாம். மாட்டும் முன் மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மந்தமாகச் சத்தம் கேட்டால் அந்த வீலை மாட்டாதீர்கள்.