அடுப்பேறும் முன்பே

"நல்லா வேக வச்சா ஒண்ணும் செய்யாதுல்லா?" குமரி மாவட்டத்தில் காட்டு இறைச்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். அதில் பாதி உண்மை இருக்கிறது. கொதிக்கும் குழம்பில் பெரும்பாலான கிருமிகள் பிழைப்பதில்லை. ஆனால் முயலோ, மரநாயோ, வவ்வாலோ சட்டிக்குள் விழுவதற்கு முன் பல கைகளைக் கடந்து வருகிறது. கண்ணியிலிருந்து எடுக்கும் கை, தோலுரிக்கும் கை, குடலை வழித்தெடுக்கும் கை. நோய் ஏறுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். அடுப்பு பற்றவைக்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

குமரி மாவட்டத்தில் காட்டையும் ஊரையும் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. கீரிப்பாறை, பேச்சிப்பாறை, கோதையாறு மலைகளிலிருந்து இறங்கினால் ரப்பர்த் தோட்டம், அதற்கடுத்து வாழையும் மரச்சீனியும் நிற்கும் விளைகள், அதற்கும் கீழே வயலும் குளமும். முள்ளம்பன்றி மரச்சீனிக் கிழங்கைத் தோண்டும். மரநாய் அயனிச்சக்கைக்கு வரும். பழந்தின்னி வவ்வால் கொல்லாம்பழத்தைச் சப்பித் துப்பும். கவிமணியின் ஊரான தேரூரிலும் சுசீந்திரத்திலும் மணக்குடிக் காயலிலும் வலசைப் பறவைகள் இறங்கும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இத்தனை உயிர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சுருக்கும் வலையும் நாட்டுத் துப்பாக்கியும் வெளியே வருகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். உடும்பு அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. சட்டம் அவ்வளவில் நிற்கட்டும். இங்கே பேச வந்தது உடம்பைப் பற்றி.

முதலில் வவ்வால். பழந்தின்னி வவ்வாலின் கறி இழுப்பு நோய்க்கு மருந்து என்ற நம்பிக்கை தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. நம்பிச் சாப்பிடுகிறவர்கள் மட்டுமா? 2025 ஜூலையில் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே, வவ்வால்களை வேட்டையாடி அந்த இறைச்சியைக் கோழிக்கறி என்று சொல்லி விற்றதாக இருவர் கைதானார்கள். வாங்கித் தின்றவருக்குத் தான் தின்றது இன்னதென்றே தெரியாது.

1998-இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைக்காரர்களிடம் மூளைக்காய்ச்சலாக வெளிப்பட்டது நிபா வைரஸ். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் இயற்கையான இருப்பிடம் பழந்தின்னி வவ்வால் என்பது பிறகு தெரியவந்தது. 2001-இல் சிலிகுரியில் வந்தது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் வந்தபோது உறுதிசெய்யப்பட்ட 18 நோயாளிகளில் 16 பேர் இறந்தனர். நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி புதுச்சேரியும் அந்தப் பரவலில் உயிரிழந்தார். கோழிக்கோட்டின் முதல் நோயாளிக்கு அது எப்படித் தொற்றியது என்பது உறுதியாகவில்லை. வவ்வால் கறியால்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஆனால் வைரஸ் வவ்வாலின் எச்சிலிலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது என்பது உறுதி. வங்கதேசத்தில் பேரீச்சைமரக் கலயத்தில் வவ்வால் நக்கிய சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நோய் வந்தது. எச்சில் பட்ட சாறே போதும் என்றால், வவ்வாலையே கையில் பிடித்துச் சிறகை அறுத்து, வயிற்றைக் கிழிப்பவர் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்று பாருங்கள். புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களின் வவ்வால்களில் நிபாவுக்கான எதிர்ப்புப் பொருளைக் கண்டிருக்கிறது. ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறந்து இரை தேடும் பிராணிக்குக் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச்சாவடி ஒரு தடையே இல்லை.

இதற்காக வவ்வாலை வெறுக்க வேண்டியதில்லை. ஆல், அத்தி, இலுப்பை விதைகளைத் தொலைதூரம் பரப்புவது அதுதான். பறத்தலுக்குத் தேவைப்படும் அசுர ஆற்றலோடு சேர்ந்து, அழற்சியை அடக்கி வைக்கும் தன்மையும் அதன் உடலில் அமைந்தது என்றும், அதனால்தான் வைரஸைச் சுமந்துகொண்டும் நோயில்லாமல் வாழ்கிறது என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் நிபாவின் உறவான ஹெண்ட்ரா வைரஸைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவர்கள், காடு அழிந்து பசியில் அலைந்த வவ்வால்களிடமிருந்தே நோய் அதிகம் கசிந்ததைக் கண்டார்கள். அடைமரத்தை வெட்டி விரட்டுவது ஆபத்தைக் கூட்டும் வேலை.

கைதான் வாசல் என்பதை மருத்துவம் கற்றது முயலிடமிருந்து. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எட்வர்ட் ஃபிரான்சிஸ் என்ற மருத்துவர் துலரீமியா என்ற காய்ச்சலை ஆராய்ந்தார். காட்டு முயலைத் தோலுரித்து விற்கும் சந்தைத் தொழிலாளர்களும், வீட்டில் அதைச் சுத்தம் செய்த பெண்களும் விரலில் புண்ணோடும் கட்டியோடும் வந்தார்கள். வெந்த கறியைத் தின்றவர்கள் நலமாக இருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அந்த நோய் ஃபிரான்சிஸையும் பிடித்தது. வட அமெரிக்கா, ஐரோப்பா பக்கத்து நோய் அது. ஆனால் அது காட்டிய வழி எல்லா ஊருக்கும் பொருந்தும். 2002-இன் கடைசியில் சீனாவின் குவாங்டொங்கில் சார்ஸ் தொடங்கியபோதும், நம் மரநாயின் உறவினமான விலங்கு சந்தையில் உயிரோடு விற்கப்பட்டது. ஆரம்ப நோயாளிகளில் கணிசமானோர் இறைச்சியைக் கையாண்டவர்களும் சமையல்காரர்களும்தான்.

நமக்கு மிக அருகில் இருப்பது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் நீண்டகாலம் சுகமாகக் குடியிருக்கும். எலிக்கு ஒரு கேடும் வராது. வேறு பல காட்டு விலங்குகளும் அதைச் சுமக்கின்றன. ஈரக் கையில் ஒரு சிறு கீறல் போதும், உள்ளே போய்விடும். வயல் எலியையோ மரநாயையோ அறுப்பவர் சிறுநீரகத்தையும் மூத்திரப்பையையும் வெறுங்கையால் பிய்த்தெடுக்கிறார். வேட்டைக்குப் போனவர் கை கால் கழுவி உட்கார்ந்துவிடுகிறார். அரிவாள்மணையின் முன் உட்கார்வது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். வேட்டையாட முடிவெடுத்தவர் ஒருவர், ஆபத்தைச் சுமப்பவர் இன்னொருவர். இந்த அநியாயத்தை யாரும் பேசுவதில்லை.

உடும்பின் கதை இன்னும் மோசம். அதன் இரத்தத்தைச் சூடாறும் முன் குடித்தால் உடம்பு தேறும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே அடுப்புக்கே வேலையில்லை. ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா இருப்பது சாதாரணம். செல்லமாக வளர்த்த சின்ன ஆமைகளால் குழந்தைகளுக்கு வயிற்றுநோய் வந்ததற்காகவே 1975-இல் அமெரிக்கா அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. கழுத்தறுத்த உடும்பின் பச்சை இரத்தம் அதைவிடப் பாதுகாப்பானதா?

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை சூட்டில் சாகும். சாகாதவையும் உண்டு. நாட்டுத் துப்பாக்கியில் போடும் ரவை பல நேரம் ஈயம். மென்மையான உலோகம், எலும்பில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் கறிக்குள் சிதறும். ரவையைப் பொறுக்கிப் போட்டாலும் துகள் மிஞ்சும். ஈயத்துடன் கூடிய பறவைக்கறியை வினிகர் சேர்த்துச் சமைத்துப் பார்த்த ஸ்பெயின் ஆய்வாளர்கள், புளிப்பு கூடும்போது உடல் உறிஞ்சக்கூடிய ஈயமும் கூடுவதைக் கண்டார்கள். நம் குழம்பில் புளி உண்டு. பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகளின் மூளை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈய ரவைக்குத் தடை போட்டது.

இன்னொன்று குருணை மருந்து. பறவை பிடிக்க நெல்லில் பூச்சிமருந்தைக் கலந்து தூவும் வழக்கம் தமிழ்நாட்டின் நீர்நிலைகளில் உண்டு. நரம்பைத் தாக்கும் அந்த நஞ்சு பறவையின் இரைப்பையில் இருக்கும்போதே அதை அறுத்துச் சமைக்கிறார்கள். சட்டியின் சூடு அதை முழுதும் அழிக்கும் என்று நம்பக் கூடாது. குளக்கரையில் செத்துக் கிடக்கும் நீர்க்கோழியோ கொக்கோ வேறொரு காரணத்தாலும் செத்திருக்கலாம். ஆலப்புழையின் வாத்துப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. செத்துக் கிடப்பதைத் தொடாமல் வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்லிவிடுவதே நல்லது.

எனக்கு மிகவும் கவலை தருவது இதற்கெல்லாம் பிறகு நடப்பது. காட்டு இறைச்சியை அறுத்தவருக்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துக் காய்ச்சல் வரும். கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போவார். சட்டத்துக்குப் பயந்து வேட்டையைப் பற்றி வாய் திறக்க மாட்டார். எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற எளிய மருந்துகள் தொடக்கத்தில் கொடுத்தால் போதும். மஞ்சள் காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் வந்த பின் நிலைமை வேறு. காய்ச்சலோடு தலைசுற்றலோ, மயக்கமோ, பேச்சுத் தடுமாற்றமோ இருந்தால் நிபாவையும் நினைக்க வேண்டும். அப்போது பக்கத்துப் படுக்கைக்காரரும் செவிலியரும் ஆபத்தில் இருக்கிறார்கள். மருத்துவருக்குத் தேவை மூன்றே தகவல்: எந்தப் பிராணியைத் தொட்டீர்கள், எந்த நாளில், கையில் வெட்டோ புண்ணோ இருந்ததா. யார் சுட்டது, எங்கே கண்ணி வைத்தது என்பது அவருக்கு வேண்டாம். அந்த மூன்றையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.